கம்பத்து ரேட்டில் குமுளிக்குப் பட்ஜெட் போடாதீர்கள்

நிதி கேட்கும் விண்ணப்பத்தை ஒருவர் எழுதுவார். பட்ஜெட்டை இன்னொருவர் கடைசி நாள் ராத்திரி போடுவார். கேரள மலையில் இருக்கிற குமுளி, வண்டிப்பெரியார் பக்கத்துச் சின்ன டிரஸ்டுகளில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு இதுதான். எஸ்டேட் பிள்ளைகளுக்கு மூன்று லயங்களில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) மாலை வகுப்பு என்று விண்ணப்பம் சொல்லும். பட்ஜெட்டிலோ இரண்டு டீச்சருக்குத்தான் சம்பளம் இருக்கும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பறையைப் பழுதுபார்க்கக் கணக்குப் போட்டவர் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற கம்பத்துக்காரர். கொத்தனார் கூலி, மணல், சிமெண்ட் எல்லாம் மலைக்குக் கீழே உள்ள ரேட். கட்டட வேலைக்கு நாட்டிலேயே அதிகக் கூலி கேரளத்தில்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. லாரி வந்து நின்றதும் இறக்குகூலி வேறு. வேலை செய்யாமல் கேட்கிற நோக்குகூலியை 2018இல் அரசு தடை செய்துவிட்டது, சரி; இறக்கியதற்கான கூலியைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அதற்கு ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. பாதிச் சுவரில் பணம் தீர்ந்தது. இப்போதெல்லாம் வேலை நடக்கிற ஊரிலேயே இரண்டு கொட்டேஷன் வாங்காமல் நான் தொகை எழுதுவதில்லை.

அப்புறம் மழை. ஏப்ரலில் கூரை வேலை என்று எழுதுவோம், பணம் ஜூனில் வரும், அங்கே இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துக்கொள்ளும். அதனால் மாதப் பெயரைப் போடாமல், முதல் தவணை வந்த நாளிலிருந்து எண்ணி எழுதுங்கள். மழைக்காலத்தைத் தனியாகக் கழித்துவிடுங்கள்.

நிர்வாகச் செலவு விஷயத்தில் பயம் அதிகம். சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும்) பணம் என்றால் 5 சதவீதம்தான் என்று ஆபீஸ் வாடகை, கணக்காளர் சம்பளம் எல்லாவற்றையும் அடித்துவிடுகிறார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செலவிடுவதற்கான உச்சவரம்பு. உங்கள் திட்டத்தை நடத்த ஆகும் செலவு அதில் சேராது. வெளிநாட்டு நிதிக்குக் கணக்கே வேறு: வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

‘இதர செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகை போடுவதை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது ஜீப் வாடகைதான், அப்படியே எழுதலாம். ஆனால் மாத வாடகையை மொத்தமாக ரொக்கத்தில் கொடுக்காதீர்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் போனால், வருமானவரிக் கணக்கில் அது டிரஸ்டின் செலவாக நிற்காது. வாடகை பேசும்போதே ஜீப்காரரின் வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.