ஹவுரால எறங்கி கொல்கத்தாவுக்குள்ள போறது எப்படி

முதல்ல டிக்கெட்ட எடுத்து ஹவுராவா, ஷாலிமாரான்னு பாருங்க. சென்னைலருந்து வர்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2022லருந்து ஷாலிமார்தான். அதுவும் ஹூக்ளி ஆத்துக்கு ஹவுரா இருக்குற கரையிலதான் இருக்கு, கொல்கத்தா எதிர்க்கரை, ஆனா மெட்ரோ கிடையாது, டாக்சியோ பஸ்ஸோ புடிச்சு வித்யாசாகர் சேது வழியா போயிடுங்க (1992ல திறந்த கேபிள் பாலம்).

ஹவுரா ஸ்டேஷன்னா கதையே வேற. வெளிய வந்ததும் டாக்சிக்காரங்க சுத்தி நின்னு கூப்பிடுவாங்க, உடனே ஏறிடாதீங்க, ஆத்த தாண்ட மூணு நல்ல வழி இருக்கு, எங்க போகணுமோ அதுக்கு ஏத்த மாதிரி எடுத்துக்கலாம்.

அவசரம்னா மெட்ரோ. கிரீன் லைன், ஹூக்ளி ஆத்துக்கு அடியில சுமார் 520 மீட்டர் சுரங்கத்துல போகுது, 2024 மார்ச்ல திறந்தாங்க, ஆத்த தாண்ட ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஸ்டேஷன்தான் ரொம்ப ஆழம், 30 மீட்டருக்கும் மேல, அதனால பெட்டி படுக்கையோட எறங்கி ஏற கொஞ்சம் டைம் வச்சுக்கோங்க. காளிகாட், தட்சிணேஸ்வரம் போறவங்க எஸ்பிளனேட்ல எறங்கி புளூ லைன் மாறணும். டார்ஜிலிங் போறவங்களுக்குத்தான் பெரிய நிம்மதி, ஏன்னா டார்ஜிலிங் மெயில் கொல்கத்தா பக்கம் இருக்குற சியால்டா ஸ்டேஷன்லருந்து கிளம்புது, முன்னாடி ஊருக்குள்ள டிராபிக்ல மாட்டிக்கிட்டு வாட்ச்ச பாத்துக்கிட்டே போகணும், 2025 ஆகஸ்ட்லருந்து ஹவுரா டு சியால்டா ஒரே மெட்ரோல போயிடலாம்.

டைம் இருக்கா, அப்போ ஃபெர்ரி. ஸ்டேஷனுக்கு எதிர்லயே படித்துறை, பாபுகாட் போற போட்ல ஏறுனா ஈடன் கார்டன்ஸ் பக்கம் எறங்கலாம். ஹவுரா பாலத்த முழுசா பாக்கணும்னா தண்ணியில இருந்துதான் பாக்கணும், ஆத்துக்குள்ள ஒரு தூண் கூட இல்லாம கரைக்கு கரை நிக்கிறது அப்பதான் கண்ணுக்கு தெரியும். கப்பல் போக்குவரத்து தடைபடக் கூடாதுன்னுதான் அப்படி கட்டுனாங்க, 1943ல திறந்தது, 26,500 டன் எஃகு, நட்டு போல்ட்டு இல்லாம முழுக்க ரிவெட் அடிச்சது. எனக்கு இதுக்கு ஈடா நம்ம நாட்டுல வேற பாலமே இல்ல.

நடந்தும் போலாம், கண்டிப்பா ஒரு தடவையாவது போங்க, ஆனா விடியக்காலைல போங்க. கொல்கத்தா பக்க முனையில பாலத்துக்கு கீழயே மல்லிக் காட் பூச்சந்தை இருக்கு, செண்டுமல்லி மாலை மூட்டை மூட்டையா வந்து எறங்குற நேரம் அது. நடைபாதைல தலைச்சுமைக்காரங்க வேகமா வருவாங்க, வழிய மறிச்சு செல்ஃபி எடுக்காதீங்க, அவங்களால சட்டுன்னு நிக்க முடியாது.

ஆபீஸ் நேரத்துல காலைல கொல்கத்தாவ பாத்தும் சாயங்காலம் ஹவுராவ பாத்தும் கூட்டம் அள்ளும். ஊர் திரும்புறப்ப சாயங்கால ரயில்னா இத கணக்குல வச்சு, குழந்தைங்க பெரியவங்க கூட இருந்தா கொஞ்சம் முன்னாடியே ஆத்த தாண்டி ஸ்டேஷனுக்கு வந்துடுங்க.