பழைய போட் வாங்கவும் விற்கவும்: தரகரை எந்த இடத்தில் நிறுத்துவது

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் எனக்கு மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சின் திருத்துகிற வேலை. பழைய போட் வாங்கப் போகிறவர்கள் "அண்ணை, ஒருக்கா வந்து எஞ்சினைப் பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு போவார்கள். குருநகர், நாவாந்துறை, காரைநகர், மயிலிட்டி என்று எந்தக் கரைக்குப் போனாலும், எஞ்சினின் பழுதைவிடத் தரகர் செய்து வைத்திருக்கிற வேலையைப் பார்த்துத்தான் எனக்கு மனம் கொதிக்கும். பெண்சாதியின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கொண்டுவருகிற காசு அது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தரகர் போட்டையும் ஆளையும் காட்டலாம். விலையை அவர் பேசக்கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

தரகர் எப்படி உழைக்கிறார் என்று பாருங்கள். விற்கிறவரிடம் ஒரு விலை கேட்பார். வாங்குகிறவரிடம் அதற்கு மேலே வைத்துச் சொல்வார். இடையில் நிற்கிற காசு அவருக்கு. அதுக்குப் பிறகும் இரண்டு பக்கமும் கொமிசன் கேட்பார். இது நடக்கவேண்டும் என்றால் வாங்குகிறவரும் விற்கிறவரும் தனியாகக் கதைக்கக்கூடாது. அதனால்தான் "அவர் ஆரோடையும் கதைக்கமாட்டார், எல்லாம் என்னட்டைத்தான் விட்டிருக்கிறார்" என்பார். உரிமையாளர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போட்டைக் காட்டக் கூட்டிப்போவார்.

போன சோழகத்தில், அதுதான் தென்மேற்குக் காற்றுக் காலத்தில், வேலணைப் பொடியன் ஒருவனுக்காக மயிலிட்டிப் பக்கம் போனேன். தரகர் சொன்ன விலை ஒன்பதரை லட்சம். போட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டார் என்று சொல்லி, எங்களைக் கரையிலேயே நிற்பாட்டி வைத்திருந்தார். நான் எஞ்சின் மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டு அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. தரகர் கைபேசியோடு கொஞ்சம் தள்ளிப்போன நேரத்தில், "அம்மா, ஒன்பதரையில் கொஞ்சம் குறைக்க ஏலாதோ?" என்று பொடியன் கேட்டான். அவ தட்டை அப்படியே மணலில் வைத்துவிட்டா. "தம்பி, எட்டுக்கு மேலை நாங்கள் ஒரு சதமும் கேட்கேல்லையே!" பின்னேரம் போட்டுக்காரர் வந்த பிறகு நேரே கதைத்து எட்டுக்கே முடித்தார்கள். தரகருக்கும் அலைந்த கூலி கொடுத்துத்தான் அனுப்பினோம். ஒன்றரை லட்சம் என்றால் அந்தப் பொடியனுக்கு ஒரு செட் வலை.

ஆகவே முதல் நாளே தரகரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் கொமிசன் எவ்வளவு? அதை ஆரிடம் வாங்குகிறீர்கள்? பதிலை உரிமையாளருக்கு முன்னால் திருப்பிச் சொல்லவையுங்கள். நூற்றுக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொள்ளவேண்டாம். விலை ஏறினால் அவருக்குக் கூடக் கிடைக்கும் என்றால், வாங்குகிற உங்களுக்காக அவர் ஏன் குறைத்துப் பேசப்போகிறார்? ஒரே தொகையாகப் பேசி முடியுங்கள்.

நேர்மையான தரகர்களும் இருக்கிறார்கள். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ கிடக்கிற நல்ல போட்டை நாங்கள் தேடிப்பிடிக்க ஏலாது. அந்த அலைச்சலுக்குக் கூலி கொடுப்பது நியாயம். உரிமையாளரின் வீட்டு வாசல் வரைக்கும் உங்களைக் கூட்டிப்போகிறவரை நம்பலாம்.

இனிப் போட்டைப் பார்க்கிற விதம். சொல்லிவைத்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். போனதும் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னமே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். சூடான எஞ்சின் ஒரே இழுவையில் பிடிக்கும். குளிர்ந்து கிடக்கிறதை இழுத்துப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும். சூடாக இருந்தால் ஆறும்வரை இருங்கள். "நேரமில்லை, வேறை ஆள் பார்க்க வருது" என்றால் வீட்டுக்குப் போங்கள்.

எஞ்சின் ஓடும்போது பக்கத்துச் சின்னத் துளையால் தண்ணீர் பலமாகப் பீச்சி அடிக்கவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் தண்ணீர் பம்ப் பழுது, அல்லது உள்வழி உப்புப் பிடித்து அடைத்துக் கிடக்கிறது. கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியைக் கொஞ்சம் இளக்கி எண்ணெயைப் பாருங்கள். நாள்கணக்கில் சும்மா நின்ற எஞ்சின் என்றால் தண்ணீர் அடியில் இறங்கி நிற்கும், முதலில் அதுதான் வரும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது. மினுங்குகிற இரும்புத்தூள் வந்தால் கியர்ப் பல் தேய்ந்துவிட்டது.

சிலிண்டருக்குள் இருக்கிற அமுக்கம் (கொம்பிரசன்) பார்க்க மீற்றர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள். அவரை நீங்கள்தான் பிடிக்கவேண்டும், தரகர் கொண்டுவருகிற ஆளாக இருக்கக்கூடாது. இரண்டு சிலிண்டருக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யோசியுங்கள். பிளக் துளையால் எண்ணெய் விட்டுவைத்தால் தேய்ந்த சிலிண்டரும் கொஞ்ச நேரத்துக்கு நல்ல அமுக்கம் காட்டும். பிளக் எண்ணெயில் ஊறிப்போயிருந்தால் கொஞ்சம் ஓடவிட்டு, நிற்பாட்டித் திரும்பவும் பார்க்கச் சொல்லுங்கள்.

பைபர் போட்டில் நான் முதலில் பார்ப்பது எஞ்சின் பூட்டுகிற பின்பலகையை. பல போட்டில் பைபருக்குள்ளே பலகைதான் இருக்கும். ஆணித்துளையால் தண்ணீர் இறங்கினால் அது உள்ளேயே உக்கிப்போகும், வெளியில் ஒன்றும் தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும், உக்கின இடம் 'மொத்து மொத்து' என்று கேட்கும். பிறகு எஞ்சினின் காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் அந்தப் போட் வேண்டாம். போட் முழுக்கப் பழைய பெயின்ற், பின்பலகைக்கு மட்டும் புதுப் பெயின்ற் என்றால் எனக்கு அதுவே போதும், அதற்கு மேல் பார்க்கமாட்டேன்.

பார்த்து முடிந்ததும் எல்லாவற்றையும் படம் எடுங்கள். புரொப்பெல்லர், எண்ணெய்த் தாங்கி, பற்றரி, ஜீபிஎஸ் ஒன்றும் விடாமல். விலை பேசின நாளுக்கும் போட்டை எடுக்கிற நாளுக்கும் இடையில் நல்ல புரொப்பெல்லர் போய் வளைந்தது வந்து நிற்கிறதைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் இலக்கத்தையும் எடுங்கள். யமஹாவில் அது எஞ்சினைப் போட்டோடு இறுக்குகிற பிடியின் இடப்பக்கத்துத் தகட்டில் இருக்கும். தகடு சுரண்டப்பட்டிருந்தால் களவெடுத்த எஞ்சினாக இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

பதிவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவு வேண்டும், தொழில் செய்ய அனுமதிப்பத்திரமும் வேண்டும். போட்டின் முன்பக்கத்தில், அதாவது அணியத்தில், எழுதியிருக்கிற இலக்கம் 'ஓஎஃப்ஆர்பி' என்று தொடங்கினால் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டின பைபர் போட். யாழ்ப்பாணப் பதிவு 'ஜேஎஃப்என்' என்று முடியும். அந்த இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கமும், சான்றிதழில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் பொருந்தவேண்டும். பிறகு அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் கடன் ஏதும் நிற்கிறதா என்று கேளுங்கள். லீசிங்கில் எடுத்த எஞ்சினா என்றும் விசாரியுங்கள். இதைத் தரகர் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

அச்சாரத்தைத் தரகர் கையில் கொடுக்கவே கூடாது. உரிமையாளர் கையில் கொடுத்து, போட் இலக்கம், எஞ்சின் இலக்கம், மொத்த விலை, மீதி கொடுக்கிற திகதி, பேச்சு முறிந்தால் அச்சாரம் யாருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "இண்டைக்கே அட்வான்ஸ் போடாட்டி நாளைக்குப் போட் நிக்காது" என்று சொல்லாத தரகரை நான் இன்னும் காணவில்லை. அநேகமாக அந்தப் போட் அடுத்த கிழமையும் அதே இடத்தில்தான் நிற்கும்.

விற்கிறவர்களுக்கு வேறு விதமான தலையிடி. நாலு தரகரிடம் சொன்னால் கரை முழுக்க நாலு விலை உலாவும், வாங்க வருகிறவர் குறைந்ததைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருவரிடம் மட்டும், ஒரு மாதம் என்று தவணை சொல்லிக் கொடுங்கள். சான்றிதழின் மூலப்பிரதியை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், போட்டோப் பிரதி போதும். வாடை என்கிற வடகீழ்க் காற்று அடிக்கிற கார்த்திகை, மார்கழியில் வடமராட்சிக் கரையில் போட்டுகள் ஏறிக் கிடக்கும். வீட்டில் காசுமுடை வருகிற காலமும் அதுதான். "இப்ப இதுக்கு மேலை ஒருத்தரும் தரமாட்டினம்" என்று தரகர் வந்து நிற்பதும் அப்போதுதான். ஏலுமென்றால் பங்குனி வரைக்கும் பொறுங்கள். வாங்குகிறவர்களுக்கு வாடைக் காலம்தான் நல்லது.

போட்டைக் கொடுத்த பிறகும் பெயர் மாற்றும்வரை விற்றவர் விடக்கூடாது. "பிறகு மாத்தலாம்" என்று தரகர் இழுப்பார். அதற்குள் உங்கள் பெயரில் இருக்கிற போட்டில் கஞ்சாக் கடத்திப் பிடிபட்டால் பொலிஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இரண்டு பேரும் ஒன்றாகவே கடற்றொழில் திணைக்கள மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். மீதிக்காசை அங்கே போகிற நாளில் கொடுங்கள். தரகரின் கொமிசனையும் அன்றைக்கே, பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்த பிறகு, இரண்டு பேருக்கும் முன்னால் எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.