மரமேற எந்த முடிச்சு? முதலில் பிளேக்ஸ் போதும்

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த கிளையைக் கழிக்க ஆள் கிடைக்காமல், நாமே கயிற்றில் ஏறிப் பழகலாம் என்று டெல்டா பக்கம் சிலர் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். வாங்கிய கையோடு வரும் கேள்வி, எந்த முடிச்சு? கையால் தள்ளினால் கயிற்றில் நகர வேண்டும், நம் எடை விழுந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அதன் வேலை.

புதியவருக்கு பிளேக்ஸ் ஹிட்ச். வேறு யோசனையே வேண்டாம். கயிறு கிளைக்கு மேலாகப் போய்த் திரும்பி, ஒரு முனை ஹார்னஸிலும் மறுபக்கம் இந்த முடிச்சிலும் இருக்கும். நம் எடையில் ஏறக்குறைய பாதிதான் முடிச்சின் மேல் விழும். ஏறுகயிற்றின் தடிமனிலேயே உள்ள ஒரு தனிக் கயிற்றுத் துண்டில் இதைப் போடலாம் என்பது பெரிய வசதி.

ஹார்னஸிலிருந்து வரும் துண்டின் நுனியால் ஏறுகயிற்றைக் கீழிருந்து மேலாக நான்கு சுற்று சுற்றுங்கள், கீழ் இரண்டு சுற்றுக்குள் கட்டைவிரலை விட்டுக்கொண்டு. பிறகு நுனியைக் கீழே இறக்கி, ஹார்னஸிலிருந்து மேலேறும் பகுதிக்கு முன்பக்கமாகக் கடத்தி, ஏறுகயிற்றுக்குப் பின்னால் வளைத்து, கட்டைவிரல் இருந்த வழியாக மேலே நுழைத்து இழுங்கள். முன்பக்கமாகக் கடத்துவதை விட்டுவிட்டால் பார்க்க அதேபோல் இருக்கும், ஆனால் பிடிப்பை நம்ப முடியாது. வெளியே வரும் வாலில் எட்டு முடிச்சு கட்டாயம், வால் உருவிக்கொண்டு போகாமல் இருக்க.

புரூசிக் போடச் சுலபம், ஆனால் எடை ஏறியபின் கெட்டியாக இறுகி நகர மறுக்கும். அதற்கு ஏறுகயிற்றைவிட மெல்லிய கயிறு வேண்டும், 12 மி.மீ. கயிற்றுக்கு 8 மி.மீ. போல. டாட்லைன் பழைய ஆட்களின் முடிச்சு, ஏற ஏற உருண்டு தளரும். டிஸ்டல், வி.டி. (வால்டோட்டன் டிரெஸ்) என்ற முடிச்சுகள் எல்லாம் வழவழவென்று நகரும்தான், ஆனால் கயிற்றின் தடிமன், சுற்றின் எண்ணிக்கை, நீளம் மூன்றும் பொருந்தாவிட்டால் பிடிக்காது, அதனால் அப்புறம் பார்க்கலாம். ஒற்றைக் கயிற்றில் ஏறும் முறைக்கு இவற்றில் எதையும் தனியாக நம்பாதீர்கள், முழு எடையும் முடிச்சில் விழும்.

முடிச்சைவிட முக்கியம் கயிறு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு மாடு கட்டச் சரி, ஆள் தொங்க ஆகாது. அது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், 165 டிகிரி வாக்கில் உருகிவிடும். முடிச்சு வழுக்கும்போது உராய்வில் சூடு நன்றாகவே ஏறும். மரமேறுவதற்கென்றே விற்கும் பாலியெஸ்டர் கயிறு 250 டிகிரி வாக்கில்தான் உருகும். அதிலும் சர்ரென்று இறங்கினால் பிளேக்ஸ் இருக்கும் இடம் பளபளவென்று இறுகிப்போகும். அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், துண்டாக வைத்துக்கொள்வதே அதற்குத்தான்.

பழகப் புளியமரம் பாருங்கள், புளியங்கொம்பு என்று சும்மா சொல்லவில்லை. முருங்கை, பட்ட கிளை, மின்கம்பி உரசும் மரம், இவற்றின் பக்கமே போகாதீர்கள். மாமரமானால் முசுறுக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள், இரண்டு கையும் கயிற்றில் இருக்கும்போது தட்டிவிட முடியாது.

ஏறும் முன் ஒவ்வொரு தடவையும் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் உட்கார்ந்து, இரண்டு குலுக்கு குலுக்கி, முடிச்சைத் தள்ளி இறங்கிப் பாருங்கள். மழையில் நனைந்தாலோ வண்டல் சேறு ஒட்டினாலோ பிடிப்பு மாறும், மறுபடி சோதியுங்கள். கீழே ஒரு ஆள் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். ரம்பம் எடுக்கும் வேலை என்றால் ஹார்னஸின் இடுப்புப் பகுதியில் மாட்டி மரத்தைச் சுற்றிய இரண்டாவது கயிறும் இருக்க வேண்டும்.