தூதரகமா, தேர்தல் களமா? வெளியுறவுப் பணிக்குள் நுழையும் வழிகள்

முதலில் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள்: யார் சார்பில் பேசப் போகிறீர்கள்? தூதரக அதிகாரி தன் அரசின் குரல். சொந்தக் கருத்து வேறாக இருந்தாலும் அரசின் நிலைப்பாட்டைத்தான் சொல்ல வேண்டும். தூதரக உறவுகள் குறித்த 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 41-ஆவது பிரிவுப்படி, பணிபுரியும் நாட்டின் உள்விவகாரங்களில் அவர் தலையிடக் கூடாது. பிற நாடுகளில் தேர்தலும் ஜனநாயகமும் வலுப்பட உதவும் ஜனநாயக மேம்பாட்டு அமைப்புகளின் ஊழியர்களுக்கோ கட்சிகள், தேர்தல் ஆணையங்கள், குடிமக்கள் குழுக்கள் ஆகியவற்றோடு பழகுவதே வேலை. ஆனால் தூதருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை. எகிப்து நீதிமன்றம் 2013-இல் இத்தகைய அமைப்புகளின் ஊழியர்கள் 43 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்தத் தீர்ப்பு பின்னர் மாறியது என்றாலும் ஆபத்து எப்படிப்பட்டது என்பது புரியும்.

அரசின் வெளியுறவுப் பணிக்குக் குடியுரிமை, வயது வரம்பு, போட்டித் தேர்வு ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டின் அறிவிக்கையைப் படித்தால் போதும். ஐக்கிய நாடுகள் சபையில் இளம் வல்லுநர் திட்டம் ஒரு நல்ல வாசல். பட்டப்படிப்பு வேண்டும், வயது 32-க்கு மேல் போகக் கூடாது, ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வர வேண்டும். இதற்கான தேர்வை எந்தெந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் படித்துவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. தேறியவர்கள் காத்திருப்புப் பட்டியலில்தான் சேர்க்கப்படுவார்கள். வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சிப் பணிக்கு ஊதியம் கிடையாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சர்வதேச உறவுகளில் முதுகலைப் பட்டம் எல்லோரிடமும் இருக்கிறது. அதோடு ஒரு தனித்திறன் இருந்தால்தான் விண்ணப்பம் தனித்துத் தெரியும்: தேர்தல் சட்டம், வாக்காளர் பட்டியல் தணிக்கை, கட்சி நிதிக் கணக்கு, அரபு அல்லது ரஷ்ய மொழி, அல்லது நிதி தரும் கொடையாளருக்குச் செலவுக் கணக்கை ரசீதோடு ஒப்புவிக்கும் திறமை. கடைசியாகச் சொன்னதை யாரும் விரும்பிக் கற்பதில்லை. அதனாலேயே அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

கள அனுபவத்துக்குத் தேர்தல் கண்காணிப்பு நல்ல தொடக்கம். உள்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பில் தன்னார்வலராகச் சேர்வது எளிது. பன்னாட்டுக் குழுக்களில் குறுகிய காலப் பார்வையாளர்கள் சில நாள்களும், நீண்ட காலப் பார்வையாளர்கள் பல வாரங்களும் தங்குவார்கள். ஐரோப்பிய ஒன்றியக் குழுவுக்குப் பெரும்பாலும் உறுப்பு நாடுகள்தான் ஆள்களை முன்மொழிகின்றன. பாங்காக்கில் இயங்கும் ஆசியக் கண்காணிப்பு வலையமைப்பான அன்ஃப்ரெல், ஆசியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம். 2005-இல் ஐ.நா.வில் வெளியிடப்பட்ட கண்காணிப்புக் கொள்கைப் பிரகடனத்தையும் அதோடு வந்த நடத்தை விதிகளையும் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

பன்னாட்டுக் கண்காணிப்பில் வழக்கமாக இரண்டு பார்வையாளர்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஓர் ஓட்டுநர் எனக் குழு அமையும். வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே முதல் சாவடியில் இருக்க வேண்டும்; பெட்டி காலியாகக் காட்டப்பட்டு முத்திரையிடப்படுவதை அப்போதுதான் பார்க்க முடியும். பிறகு ஒவ்வொரு சாவடியிலும் அரை மணி நேரம் போல இருந்து, வந்த நேரம், வரிசையின் நீளம், முத்திரை எண், இதுவரை வாக்களித்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைப் படிவத்தில் குறிக்க வேண்டும். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். கலந்தால் தலைமையகம் அந்தப் படிவத்தையே ஒதுக்கிவிடும். சாவடி அதிகாரி யோசனை கேட்டாலும் சொல்லக் கூடாது, வாக்குச்சீட்டைத் தொடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் பத்து நிமிடப் பேச்சை ஒரு வரியில் சுருக்கினால் நிறுத்தி, முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள்.

பலர் தவறவிடுவது இரவு நேரத்தை. எண்ணி முடித்ததும் முடிவுப் படிவத்தைச் சாவடி வாசலில் ஒட்டினார்களா, அதே எண்கள்தான் தொகுப்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பதைச் சரிபார்க்க வேண்டும். பகல் முழுக்க ஒழுங்காக நடந்த தேர்தலிலும் கூட்டல் நடக்கும் இடத்தில் எண்கள் மாறக்கூடும். இன்னொரு பிழை, பத்துச் சாவடிகளைப் பார்த்துவிட்டு நாடு முழுவதையும் எடைபோடுவது. செய்தியாளர் கேட்டால் பணியின் நோக்கத்தை மட்டும் விளக்கி, மதிப்பீட்டைக் குழுத் தலைவரிடம் விட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்பார்கள். ஆய்வேட்டிலிருந்து இருபது பக்கம் கிழித்து அனுப்பாமல் ஒரு பக்கக் குறிப்பாக எழுதுங்கள். முதல் பத்தியில் என்ன செய்யலாம் என்ற பரிந்துரை, அடுத்து அதற்கான மூன்று காரணங்கள், பிறகு எதிர்ப்பு எங்கிருந்து வரும், செய்யாவிட்டால் என்ன ஆகும். பின்னணி வரலாற்றுக்கு நான்கு வரி தாராளம்.

இந்தத் துறையின் பலவீனம் பணம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஜனநாயக மேம்பாட்டு அமைப்புகள் பல, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பின. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேளுங்கள்: சம்பளம் எத்தனை கொடையாளர்களிடமிருந்து வருகிறது? மானியம் பாதியில் நின்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஊர் திரும்பும் செலவு யாருடையது? அவசர சிகிச்சைக்காக உங்களை வேறு இடத்துக்குக் கொண்டுசெல்லும் செலவுக்குக் காப்பீடு உண்டா? உள்ளூர்ச் சட்டத்தில் அமைப்பு பதிவாகியிருக்கிறதா, உங்கள் விசா எந்த வகை? 'சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.