தங்க வேட்டைக் காலத்து வெஸ்டர்ன் எழுதுவது எப்படி: இரண்டு சகோதரர்கள், ஒரு நெடும்பயணம்

வெஸ்டர்ன், அதாவது அமெரிக்க மேற்கின் குதிரை-துப்பாக்கிக் காலத்துப் படத்துக்குக் கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிச் சண்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நிதானமாக நகரும் வெஸ்டர்னில் அதைக் கடைசியாக யோசித்தால் போதும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பிடித்த நேரத்தை ஏமாற்றாமல் கதைக்குள் கொண்டுவாருங்கள், நிதானம் தானாக வந்துவிடும். பேசாமல் வானத்தை வெறிக்கும் நாயகனைக் காட்டி வேகத்தைக் குறைத்தால் பார்ப்பவருக்குத் தூக்கம்தான் வரும்.

ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள்

கலிபோர்னியாவின் கொலோமாவில், சட்டர் என்பவரின் மர அறுவை ஆலைக்கு வெட்டிய கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டது 1848 ஜனவரி 24 அன்று. அந்த ஆண்டு ஆள் குறைவு, தங்கம் மேலாகவே கிடைத்தது. 1849இல் உலகமே வந்து குவிந்தது. 1853இல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மலையையே கரைக்கும் முறை வந்த பிறகு, தொழில் மெல்ல முதலாளிகள் கைக்குப் போனது. உங்கள் நாயகர்களான இரண்டு கொள்ளைக்காரச் சகோதரர்களுக்குத் தோதான காலம் 1850 முதல் 1852 வரை. கலிபோர்னியா 1850 செப்டம்பரில் மாநிலமாகிவிட்டது. ஆனால் சுரங்க முகாம்களில் பெரும்பாலும் சிறை கிடையாது. பிடிபட்டவனை அங்கேயே கூடி விசாரித்தார்கள்: சவுக்கடி, ஊரைவிட்டு விரட்டுவது அல்லது தூக்கு. அடைத்து வைக்க இடம் இல்லாததால் தண்டனையும் கையோடு முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வணிகர்கள் அமைத்த கண்காணிப்புக் குழு 1851இல் 4 பேரைத் தூக்கிலிட்டது. உங்கள் சகோதரர்கள் பயப்பட வேண்டியது ஷெரீப்பின் பேட்ஜுக்கு அல்ல, கூட்டத்துக்கு.

காமிக்ஸில் வெஸ்டர்ன் படித்து வளர்ந்த நம் கை, பழக்கத்தில் சில பொருட்களை எழுதிவிடும். வின்செஸ்டர் துப்பாக்கி 1866, டைனமைட் 1867, கண்டத்தைக் கடக்கும் ரயில் 1869, ரிவெட் அடித்த ஜீன்ஸ் 1873. இவை எதுவும் உங்கள் கதையில் வரக்கூடாது. கிழக்கிலிருந்து பசிபிக் கடற்கரைக்குத் தந்தி வந்ததே 1861இல்தான் என்பதால், செய்தி குதிரையின் வேகத்தில்தான் போகும். துரத்துபவனுக்கும் அதே வேகம்தான்.

பாதையைக் கணக்குப் போடுங்கள்

சகோதரர்கள் ஓரிகன் சிட்டியிலிருந்து சிஸ்கியூ மலைவழியாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போவதாக வைத்தால், தூரம் சுமார் 1,000 கிலோமீட்டர். குதிரையைக் கெடுக்காமல் போனால் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் என்று வைக்கலாம். ஆறு கடப்பது, லாடம் கழல்வது, சேணம் உரசி முதுகில் புண் வருவது எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மாதம் ஆகும். இதுதான் கதையின் முதுகெலும்பு. ஒவ்வொரு இரவும் குதிரைக்குப் புல்லும் தண்ணீரும் இருக்கும் இடத்தில்தான் தங்க முடியும். பதுங்க நல்ல இடத்தில் புல் இருக்காது, புல்வெளியில் மறைவு இருக்காது. சகோதரர்களின் முதல் சண்டைக்கு இது ஒன்றே போதும்.

அன்றாட வேலையை முதல் பக்கத்திலேயே பிரித்துக் கொடுங்கள். குதிரையின் சேணத்தை யார் அவிழ்க்கிறான், நெருப்பை யார் மூட்டுகிறான், யார் முதலில் தூங்குகிறான்? பாதிக் கதையில் ஒரு நாள் தம்பி நெருப்பு மூட்ட எழவில்லை, அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சுள்ளி பொறுக்கப் போகிறான். இருவருக்கும் இடையே என்ன முறிந்தது என்பதை இது சொல்லிவிடும். அதற்கு மேல் வசனம் வைத்தால் காட்சி கெடும்.

துப்பாக்கி

1851இல் உலோகத் தோட்டா புழக்கத்தில் இல்லை. ரிவால்வரை நிரப்புவது இப்படி: துப்பாக்கியின் பின்பக்கச் சுத்தியலைப் பாதி பின்னுக்கு இழுத்தால், குண்டு அறைகள் உள்ள சிலிண்டர் சுழலும். ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தை அளந்து கொட்டி, மேலே ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் அழுத்த வேண்டும். குண்டு அறையைவிடச் சற்றே பெரிது, ஆகவே மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவிக்கொண்டு வரும். வளையம் வராவிட்டால் குண்டு தளர்வு என்று அர்த்தம். பிறகு அறையின் வாயில் கொழுப்பு தடவி, பின்பக்கத்தில் கேப் (சுத்தியல் அடித்ததும் பொறி தரும் சிறு உலோகத் தொப்பி) பொருத்த வேண்டும். தளர்வான குண்டோ கேப்போ இருந்தால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவி, பல குண்டுகள் ஒன்றாக வெடிக்கலாம். ஆறு அறைகளையும் நிரப்ப நிதானமான கைக்கே இரண்டு, மூன்று நிமிடம் ஆகும்.

சுட்டவுடன் வெள்ளைப் புகை கண்ணை மறைக்கும். காற்று வீசாத இடத்தில் எதிரி விழுந்தானா என்று தெரிய காத்திருக்க வேண்டும். உடைந்த கேப்பின் துண்டு உள்ளே விழுந்து சிலிண்டர் இறுகுவதும் உண்டு. சண்டை முடிந்த இரவில் வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, கொழுப்பு பூசாவிட்டால் விரைவில் துரு ஏறிவிடும். ஆளைக் கொன்றதைப் பற்றி இருவரும் பேசியே ஆக வேண்டும் என்றால், இந்தக் கழுவும் நேரத்தில் பேச வையுங்கள்.

தங்கம்

தங்கம் அரிப்பதற்கும் வீட்டில் அரிசியில் கல் அரிப்பதற்கும் கைப்பக்குவம் ஒன்றுதான். இங்கே அடியில் தங்குவது வேண்டியது. தட்டில் முக்கால் பங்கு சரளை எடுத்து, நீருக்குள் அமிழ்த்தி, களிமண் கட்டிகளை விரலால் உடைத்து, பெரிய கற்களை எறிய வேண்டும். பக்கவாட்டில் குலுக்கினால் தங்கம் அடிக்கு இறங்கும். தட்டைச் சாய்த்துச் சுழற்றினால் லேசான மணல் போய்விடும். கடைசியில் ஒரு பிடி கருமணலும், அதன் ஓரத்தில் ஒன்றிரண்டு மஞ்சள் பொட்டும் மிஞ்சும். அவசரப்பட்டுச் சாய்த்தால் பொட்டும் போய்விடும். பனி உருகி வரும் ஆற்றில் முழங்கால் அளவு நின்று, நாள் முழுக்க 50 தட்டு அரித்தாலே அவன் கெட்டிக்காரன். ஒரு தட்டை முழுதாகக் காட்டுங்கள், மற்றதைத் தாண்டிவிடலாம்.

பொடித் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் ஊற்றினார்கள். சான் ஹோசே அருகே நியூ அல்மடன் சுரங்கத்திலிருந்து அது தாராளமாக வந்தது. தங்கத்தோடு கலந்த பாதரசத்தைத் தோலில் பிழிந்து, மிச்சத்தைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் மட்டும் நிற்கும். அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தவனுக்குக் கை நடுங்கும். துப்பாக்கியை நம்பி வாழ்கிறவனுக்கு அதைவிடப் பெரிய எதிரி வேண்டாம்.

பணத்தை எடையில் யோசியுங்கள். முகாமில் ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம், தங்கம் சுமார் 16 டாலர். 10,000 டாலர் கொள்ளையடித்தால் தூக்க வேண்டியது 19 கிலோவுக்கு மேல். களைத்த குதிரைக்கு அது தெரியும். சாராயக் கடையில் ஒரு சிட்டிகைப் பொடி ஒரு டாலர் என்று கணக்கு, சிட்டிகை எடுப்பவன் கடைக்காரன். அண்ணன் அவனுடைய கட்டைவிரலின் அகலத்தைப் பார்க்கும் ஒரு ஷாட் போதும்.

வெள்ளையர்களை மட்டும் வைத்து இந்த ஊர்களை எழுதினால் அது பொய். மெக்சிகோ, சிலி, சீனாவிலிருந்து வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். 1850இல் அயல்நாட்டுச் சுரங்கக்காரர்மேல் மாதம் 20 டாலர் வரி போட்டார்கள். பூர்வகுடிகளைக் கட்டாய வேலைக்கு எடுக்க அதே ஆண்டில் சட்டமும் வந்தது. அவர்கள் நிலத்தில்தான் இந்த வேட்டை நடந்தது. அவர்களைப் பின்னணிக் கூட்டமாக்காமல், சகோதரர்களுக்கு வழியோ உணவோ மறுக்கும் ஆட்களாக, காரணத்தோடு எழுதுங்கள்.

நூறு நிமிடப் படத்துக்கு மூன்று சண்டை போதும். முதலாவது இருட்டில் நடக்கட்டும், தீப்பொறியும் குரல்களும் மட்டும். இரண்டாவதில் துப்பாக்கி சிக்கிக்கொள்ளட்டும். மூன்றாவதை எழுதுமுன், இருவரிடமும் எத்தனை கேப், எவ்வளவு வெடிமருந்து மிச்சம் என்று முந்தைய பக்கங்களைப் புரட்டி எண்ணிக்கொள்ளுங்கள்.