நோட்புக்ல வர்ற கிராஃப் டெர்மினல்ல ஏன் வரமாட்டேங்குது? மேட்பிளாட்லிப் புதுசா பழகுறவங்களுக்கு

ஜூபிட்டர் நோட்புக்ல (பிரௌசர்லயே பைத்தான் எழுதி ஓட்டுற இடம்) அழகா வர்ற கிராஃப், அதே கோடை ஒரு ஃபைல்ல போட்டு சர்வர் டெர்மினல்ல ஓட்டுனா ஒரு வார்னிங்கோட நின்னுடும். கோடுல தப்பு தேடாதீங்க. படத்தை வரையுறது, காட்டுறது ரெண்டையும் மேட்பிளாட்லிப் (பைத்தான்ல கிராஃப் போடுற லைப்ரரி) 'பேக்எண்ட்'ங்கற தன்னோட உள் பகுதிகிட்ட விட்டுடுது, இடத்துக்கு இடம் அது மாறும்.

முதல்ல, பிரிண்ட்குள்ள பிஎல்டி டாட் கெட் அண்டர்ஸ்கோர் பேக்எண்ட் போட்டுப் பாருங்க (பிஎல்டிங்கறது மேட்பிளாட்லிப்போட பைப்ளாட்டுக்கு வழக்கமா வைக்கிற சுருக்கப் பேர்). நோட்புக்ல இன்லைன்னு வரும், லினக்ஸ் லேப்டாப்ல டிகேஏஜிஜி, க்யூடிஏஜிஜி மாதிரி ஏதாவது, எஸ்எஸ்ஹெச் வழியா தூரத்துல இருந்து உள்ள போன சர்வர்னா பெரும்பாலும் வெறும் ஏஜிஜி. இந்த ஏஜிஜிக்கு விண்டோ திறக்கவே தெரியாது, பிஎன்ஜியா எழுதிக் கொடுக்கும் அவ்ளோதான், அதான் படத்தைத் திரையில காட்டச் சொல்ற ஷோ கொடுத்தா காட்ட முடியாதுன்னு சொல்லுது.

அடுத்து, படத்தை ஃபைலா சேமிக்கிற சேவ்ஃபிக்கை எப்பவும் ஷோவுக்கு முன்னாடி எழுதுங்க. ஸ்கிரிப்ட்ல ஷோ கொடுத்தா விண்டோவை மூடுற வரைக்கும் ப்ரோக்ராம் அங்கயே நிக்கும், மூடினதும் படமும் போயிடும், அப்புறம் சேவ் பண்ணா வெள்ளைத்தாள்தான். நோட்புக்லயும் செல் முடிஞ்சதும் இன்லைன் படத்தை மூடிடும், அதனால அடுத்த செல்லுல பிஎல்டி டாட் டைட்டில் கொடுத்தா புதுசா ஒரு காலி கட்டம் வந்து நிக்கும். சப்ப்ளாட்ஸ்ல இருந்து ஃபிக் (முழுப் படம்), ஏஎக்ஸ் (அதுக்குள்ள வரையுற கட்டம்) ரெண்டையும் வாங்கி வச்சுக்கோங்க, அடுத்த செல்லுல ஏஎக்ஸ் மேல டைட்டில் போட்டுட்டு கடைசி வரியா ஃபிக்னு மட்டும் எழுதினா அதே படம் திரும்ப வரும்.

இப்போ நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு. எக்ஸ் அச்சுல நீளமான பேர்களை 90 டிகிரி திருப்பி வச்சிருக்கீங்கன்னு வைங்க, நோட்புக்ல முழுசா தெரியும், ஸ்கிரிப்ட்ல சேவ் பண்ண பிஎன்ஜியில பாதிப் பேர் வெட்டுப்பட்டிருக்கும். காரணம், இன்லைன் நம்மகிட்ட கேக்காமலே பிபாக்ஸ் இன்ச்சஸை (படத்தோட எந்த அளவு வரைக்கும் சேமிக்கணும்னு சொல்ற செட்டிங்) டைட்னு வச்சுக்குது, சேவ்ஃபிக் தானா அப்படி செய்யாது, நீங்களே அதுக்குள்ள எழுதணும். (பேர் தமிழ்ல இருந்தா அது தனி தலைவலி, டிஃபால்ட் ஃபாண்ட்டான டேஜாவு சான்ஸ்ல தமிழே கிடையாது, கட்டம் கட்டமாதான் வரும்.)

லூப்ல படம் போடுறீங்களா? ஒவ்வொண்ணையும் சேவ் பண்ணதும் பிஎல்டி டாட் க்ளோஸ்குள்ள ஃபிக் கொடுத்து மூடுங்க, 20-க்கு மேல திறந்து கிடந்தா மெமரி பத்தி வார்னிங் வரும்.

நோட்புக்ல ஜூம் பண்ணணும்னா இன்லைன் உதவாது, அது வெறும் படம். பழைய டுட்டோரியல்கள்ல பர்சென்ட் குறி போட்டு மேட்பிளாட்லிப் நோட்புக்னு எழுதச் சொல்வாங்க, ஜூபிட்டர்லேப்லயும் நோட்புக் 7-லயும் அது ஜாவாஸ்கிரிப்ட் எரர்தான் தரும். ஐபிஒய்எம்பிஎல்ங்கற பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிட்டு அந்த வரியில நோட்புக்குக்குப் பதிலா விட்ஜெட்னு போடுங்க, ஆனா கெர்னல் (பின்னாடி கோடை ஓட்டுற ப்ரோக்ராம்) ஓடிட்டு இருக்கிற வரைக்கும்தான் அது நகரும்.

ராத்திரி க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற வசதி) ஓடுற ஸ்கிரிப்ட்டுன்னா எம்பிஎல்பேக்எண்ட்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல ஏஜிஜின்னு வச்சுட்டு, ஷோ வரியை தூக்கிடுங்க.