ஈஸி ஈஸோடு நிறுத்தாதீர்கள்
கோடம்பாக்கத்தில் கிளம்பும் மின்சார ரயிலைப் பாருங்கள். மெல்ல நகர்ந்து, வேகமெடுத்து, நுங்கம்பாக்கம் நெருங்கும்போது தணிந்து நிற்கும். திரையில் நகரும் எழுத்துக்கும் அந்த உயிர் வேண்டும்.

அசைவூட்ட மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீஃப்ரேம்களை, அதாவது அசைவின் தொடக்கம், முடிவு போன்ற புள்ளிகளை, தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால், அசைவை மென்மையாக்கும் ஈஸி ஈஸ் வந்துவிடும். பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அதில் இன்ஃப்ளூயன்ஸ், அதாவது வேகம் மெல்ல மாறும் பகுதியின் நீளம், இரண்டு பக்கமும் 33.33 சதவீதம்தான், அதனால்தான் எல்லா அசைவும் ஒரே மாதிரி தெரிகிறது. ஷிஃப்ட்டோடு எஃப்3 அழுத்தி கிராஃப் எடிட்டரைத் திறங்கள். அதில் வேகத்தைக் காட்டும் ஸ்பீட் கிராஃபில் கடைசி கீஃப்ரேமின் கைப்பிடியை இடப்பக்கமாக 80 சதவீதம் வரை இழுங்கள். தலைப்பு சட்டென வந்து நிதானமாக அமரும். எனக்கு ரொம்பப் பிடித்த அசைவு இது.

பொசிஷனை, அதாவது எழுத்து இருக்கும் இடத்தை, அதன் மதிப்பைக் காட்டும் வேல்யூ கிராஃபில் வளைக்க, முதலில் பொசிஷன்மேல் ரைட் கிளிக் செய்து செபரேட் டைமென்ஷன்ஸ் கொடுங்கள். எக்ஸ், ஒய் தனித்தனியாகப் பிரியும்.

அப்புறம், 3 விநாடி அசைவை 2 விநாடியாக்கச் சொன்னால் கீஃப்ரேம்களை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டாம். லேயரைத் தேர்ந்து யூ அழுத்துங்கள், கீஃப்ரேம்கள் எல்லாம் தெரியும். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஆல்ட் விசையைப் பிடித்தபடி கடைசி கீஃப்ரேமை இழுத்தால், இடைவெளிகள் விகிதம் மாறாமல் சுருங்கும். மேக்கில் ஆப்ஷன் விசை.